ஓட்டையை அடைத்த குழு

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எதையும் தொடங்குவது சுலபம். முடிப்பதற்குத்தான் வழி கிடையாது. கட்டடம் திறந்த அன்றைக்கு வாசல் திரையை விலக்க ஒரு குழு போட்டார்கள். திரையை விலக்கியும் ஆயிற்று, அந்தத் துணி கிழிந்து தரை துடைக்கப் போய், நைந்து காணாமலும் போயிற்று. குழு மட்டும் அசையாமல் இருக்கிறது. செவ்வாய்தோறும் கூடுகிறது. தேநீர் வரும், பிஸ்கட் வரும், போன வாரம் பேசியதை இந்த வாரம் உறுதி செய்வார்கள், இந்த வாரம் உறுதி செய்ததை அடுத்த வாரம் பேசுவார்கள். குழுவின் தலைவர் பணி ஓய்வு பெற்று, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். வேலையிலிருந்து அனுப்பினார்களே தவிர, குழுவிலிருந்து அவரை யாரும் விடுவிக்கவில்லை. திரைத்தலைவர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக் கலைக்கப்படாத குழுக்கள் அங்கே நாற்காலிகளைவிட அதிகம். இடையில் ஓர் இயக்குநருக்குப் பொறுமை போய், குழுக்களைக் கலைப்பதற்கென்றே ஒரு குழு போட்டார். கலைப்புக் குழு கூடியது. தனி அறை கேட்டு வாங்கியது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டியது. கலைப்பு என்றால் என்ன என்று வரையறுக்கத் துணைக் குழு ஒன்றைப் போட்டது. அதோடு சரி.

இங்கேதான் வளையம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வளையம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் ஆராய்ந்த புரதங்கள் வளையம் வளையமாக உட்காரக்கூடியவை, அவளும் வாயைத் திறந்தால் அதைத்தான் பேசுவாள், அதனால் ஆய்வுக்கூடம் சூட்டிய பெயர்.

ஏடிபேஸ் என்று ஒரு பெரிய புரதக் கூட்டம் உண்டு. ஏடிபி என்பது செல்லுக்குள் ஓடுகிற எரிபொருள். அதை உடைத்து அந்த விசையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஏடிபேஸ் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் வளையம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தார் பெரும்பாலும் ஆறு ஆறு பேராக வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். பிடிபட்டதை அந்த ஓட்டைக்குள் விட்டு இழுப்பார்கள். குடும்பத் தொழில், பிரிப்பது. கெட்டுப்போய்ச் சிக்கு விழுந்து கட்டியான புரதங்களை ஒருவர் நூல் நூலாக உருவி எடுப்பார். செல்லுக்குள் சரக்கு ஏற்றிப் போகும் குட்டிப் பைகள் இறங்க வேண்டிய இடத்தில் கொக்கி மாட்டிக்கொள்ளும். சரக்கு இறங்கியதும் பின்னிக் கிடக்கும் கொக்கிகளைக் கழற்றி அடுத்த பைக்கு விடுபவர் இன்னொருவர். இவர் நாலு நாள் வரவில்லை என்றால் உள்ள கொக்கியெல்லாம் பின்னிக்கொண்டு, செல்லில் ஒரு சரக்கும் நகராது. கட்டுகிறவர்களுக்குத்தான் உலகம் மாலை போடுகிறது, வேலை முடிந்ததும் கலைத்துவிட ஆளில்லை என்றால் கட்டுகிறவனுக்குச் சாமான் எங்கிருந்து வரும் என்பது வளையத்தின் கட்சி.

இந்தக் கட்சி அவளுக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததில்லை. அதே குடும்பத்தில் ஸ்பாஸ்டின் என்று ஒருவர் உண்டு. நரம்பு செல்லுக்குள் தண்டவாளம் போல நீள நீளமாகக் குழாய்கள் ஓடும்; அவற்றை வேண்டிய இடத்தில் வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அவர் ஒழுங்காக வெட்டாவிட்டால் போக்குவரத்து முட்டிக்கொண்டு நரம்பு அங்கங்கே வீங்கும். மூளையிலிருந்து முதுகு வழியாக இறங்கும் நீண்ட நரம்புகள்தான் முதலில் அடி வாங்கும். கால்கள் விறைத்துப் போகும். வளையத்தின் அண்ணனுக்கு அந்த ஸ்பாஸ்டினில் பிறவியிலேயே பிழை. அப்பாவுக்கும் அதே பிழைதான் இருந்திருக்கிறது; அந்தக் காலத்தில் அதை முழங்கால் வாதம் என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள்.

அண்ணன் மைக் செட் வைத்திருந்தார். ஒரு காலத்தில் கம்பத்தில் சரசரவென்று ஏறி ஒலிபெருக்கி கட்டியவர். இப்போது காலைத் தரையோடு தேய்த்துத்தான் நடை. மடக்கு நாற்காலியைப் போட்டு ஆம்பிளிபையர் பக்கத்தில் உட்கார்ந்தால், விழா முடிந்துதான் எழுந்திருப்பார். அவருக்கு ஒரு மகள் உண்டு. அவள் தெருவில் ஓடும்போதெல்லாம், குதிகால் தரையில் படுகிறதா என்றுதான் வளையத்தின் கண் போகும். விறைப்பு வந்தால் முதலில் குதிகால்தான் தூக்கிக்கொள்ளும். யாரிடமும் இதை வளையம் சொன்னதில்லை. அண்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

அண்ணனின் தோளிலிருந்து கடுகளவு தோலை எடுத்து, அதை வளர்த்து, பக்குவப்படுத்தி, நரம்பு செல்லாகவே மாற்றியிருந்தாள் வளையம். நிறுவனத்தின் செல் அறையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள் அவை மாதக்கணக்கில் வளர்ந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பிழைகளில் அந்த வீக்கங்கள் தெரிந்தன. செல்கள் முதிர்ந்ததும் ஒரு மருந்தை விட்டு, வீக்கம் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் பெட்டி குளிர்ந்தால் செல்கள் செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து தோல், வளர்ப்பு, மாதங்கள். அண்ணனின் கால்கள் காத்திருக்கும் நிலையில் இல்லை.

"என் ஆளுங்க சாப்பிட்டாங்களா?" என்று அண்ணன் தினமும் போனில் தன் செல்களைப் பற்றிக் கேட்பார்.

"சாப்பிட்டாங்கண்ணா."

"ஒழுங்கா இருக்கச் சொல்லு. நம்ம குடும்ப மானத்தை வாங்கிடப் போறாங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் நிறுவனத்துக்குப் பொன்விழா வந்து சேர்ந்தது.

பொன்விழாவுக்கு முற்றத்தில் ஒரு பெரிய எஃகுச் சிற்பம் வைப்பதென்றும், அது வளையத்தின் புரதமாகவே இருக்கட்டும் என்றும் இயக்குநர் முடிவு செய்தார். வளையத்துக்குத் தலைகால் புரியவில்லை. சிற்பத்தின் மாதிரியைப் பார்க்க அவளைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். மேசைமேல் அட்டையில் செய்த வளையம் இருந்தது. சுற்றிலும் குழுக்கள் இருந்தன.

"இது நடுவுல என்ன?" என்றார் இயக்குநர்.

"ஓட்டை, சார்."

"ஓட்டைன்னு தெரியுது. அதுல என்ன வரும்?"

"ஒண்ணும் வராது, சார். அது வழியாத்தான் பிடிச்சு இழுக்கும். ஓட்டை இல்லன்னா இதுக்கு வேலையே இல்ல."

மேசையைச் சுற்றி ஒரு சங்கடம் பரவியது. அலங்காரக் குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காலியிடத்தை அப்படியே விடற பழக்கம் நம்மகிட்ட கிடையாதும்மா. காலியிடம்னா ஆள் போடலைன்னு அர்த்தம். ஆள் போடலைன்னா அந்த இடமே தேவையில்லன்னு மேல இருந்து எடுத்துடுவாங்க."

"பாக்கறவங்க நடுவுல சாமான் தீந்து போச்சுன்னு நெனப்பாங்க," என்றார் இன்னொருவர்.

ஓட்டையை அடைப்பது என்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. எதை வைத்து அடைப்பது என்பதற்கு ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் இயக்குநரே. மறு கூட்டத்தில் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முடிவைச் சொன்னார்: "என் முகம் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். பித்தளையில வார்க்கணும்னு குழு ஒத்தக் கால்ல நிக்குது. குழுவை மீற எனக்கு ஏது அதிகாரம்?"

வளையம் விழாவில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவள் எழுதிக் கொடுத்ததில் 'பிரிப்பது' என்ற சொல் வந்த இடமெல்லாம் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, பெரிய மனது பண்ணி விளக்கினார்.

"ஆறு பேர் கைகோத்து உக்காந்திருக்காங்க. ஒற்றுமை. அருமையான விஷயம். அதோட நிறுத்திக்கோ. பிரிக்கிறது, கலைக்கிறது, கழட்டறதெல்லாம் பேசினா கேக்கறவங்களுக்கு வேற மாதிரி யோசனை வரும்."

"அதுங்க வேலையே அதுதான், சார்."

"வேலையைப் பத்தி யாரு கேட்டா? இது விழா."

இது வரைக்கும் வளையம் பல்லைக் கடித்துக்கொண்டாள். உலகத்தில் பித்தளை முகங்கள் இருக்கத்தான் செய்யும். விழாவுக்கு முந்தைய வாரம் மின் பணியாளர் செல் அறைக்கு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"மேடம், விழா அன்னிக்கு உங்க ரூம் லைனை எடுக்கறோம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

"எதுக்கு?"

"சிற்பத்துக்கு முன்னாடி திரை. திரைக்கு மோட்டார். முற்றத்துக்குக் கிட்ட இருக்கறது உங்க லைன் மட்டும்தான். திரைக் குழு கேட்டிருக்கு, நான் என்ன பண்ண?"

அவசர மின்கலம் அரைமணி நேரம்தான் தாங்கும். நிறுவனத்தின் ஜெனரேட்டரை விளக்குக் குழு எடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கி வேறு அறையில் வைக்கலாம் என்றால், இடமாற்றக் குழு கையை விரித்தது: உயிருள்ளவற்றை மாற்ற உயிர்க் குழு ஒப்புதல் வேண்டும். உயிர்க் குழுவோ, செல்கள் இறந்துவிட்டால் தங்கள் ஒப்புதலே தேவைப்படாது, அது இன்னும் சுலபம் என்று நல்ல மனதோடு யோசனை சொன்னது.

கடைசியில் கலைப்புக் குழுவின் கதவைத் தட்டினாள். ஒரு நியாயம் அவள் மனதில் ஓடியது. திரைக் குழுவைக் கலைத்துவிட்டால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லை என்றால் லைன் அவளுடையது.

கலைப்புக் குழுத் தலைவர் பழைய காலத்து மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "நியாயம்மா. நூத்துக்கு நூறு நியாயம். திரைக் குழு எப்பவோ கலைஞ்சிருக்கணும்."

"அப்ப கலைச்சிடலாமே, ஐயா."

"கலைச்சிடலாம். ஆனா முதல் முதலா ஒண்ணைக் கலைக்கறப்ப யோசிச்சுத்தான் பண்ணணும். ஒண்ணைக் கலைச்சா, அடுத்ததையும் கலைன்னு வருவாங்க. எல்லாத்தையும் கலைச்சிட்டா எங்களுக்கு என்ன வேலை? எங்களையும் கலைக்கணும். கலையறதுக்கு எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனா நாங்க கலைஞ்சிட்டா, நாங்க கலைஞ்சதை யாரு உறுதி செய்வாங்க?"

அவர் கேலி செய்யவில்லை. இந்தக் கேள்வியோடு எத்தனையோ வருடம் படுத்து எழுந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. வளையம் எழுந்து வந்துவிட்டாள். படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது மடல் சுடுகிற கோபம். ஒரு செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓயாமல் செய்கிற வேலையை, இத்தனை படித்த தலைகள் சேர்ந்து ஒரு தடவை செய்ய முடியவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தாள். அண்ணன் ஒயர் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பொன்விழாவுக்கு மைக் செட் யாரோடதுன்னு நெனச்ச?" என்றார்.

"உன்னோடதா? அவங்ககிட்டயே பெரிய ஸ்பீக்கர் இருக்கே."

"பெட்டியில இருக்கு. பிரிக்க இன்னும் ஒப்புதல் வரலையாம்."

வளையம் சிரித்தேவிட்டாள்.

"நான் எங்க போனாலும் என் ஜெனரேட்டரோடதான் போவேன். அடுத்தவன் கரண்டை நம்பி மைக் கட்டறவன் உருப்பட மாட்டான். உன் பெட்டி எவ்வளவு இழுக்கும்?"

சொன்னாள்.

"இவ்வளவுதானா? ஒரு ஸ்பீக்கரைக் கழட்டிட்டா முடிஞ்சுது. ஜன்னல் வழியா ஒரு ஒயரை விடறேன். என் ஆளுங்களுக்கு நான் கரண்டு குடுக்க யார்கிட்ட ஒப்புதல் வாங்கணும்?"

விழா நாள் வந்தது. முற்றத்தில் திரை, திரைக்கு மோட்டார், மோட்டாருக்கு வளையத்தின் லைன். முன்வரிசையில் குழுக்கள் குழுக்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக, செல் அறை ஜன்னலுக்குக் கீழே அண்ணனின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஓர் ஒயர் ஆம்பிளிபையருக்கும் இன்னொன்று ஜன்னலுக்குள்ளும் போயிற்று. ஜெனரேட்டரின் சுவிட்சை முதுகால் மறைத்து, மடக்கு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

திரைத்தலைவர் பொத்தானை அழுத்தினார். திரை விலகியது. எஃகு வளையம் வெயிலில் மின்னியது, நடுவில் பித்தளையில் இயக்குநர் புன்னகைத்தார். நிஜ இயக்குநர் மைக் முன் வந்தார்.

"இந்த நிறுவனம் தொடங்கின எதையும் கைவிட்டதில்லை. வேலை முடிஞ்சா மூட்டை கட்டற இடங்கள் இருக்கு. நாம அப்படி இல்லை. ஐம்பது வருஷத்துல ஒரு குழுவைக்கூட நாம கலைச்சதில்லை. வேலை போயிருக்கலாம், குழு போகலை. ஆட்கள்கூடப் போயிருக்காங்க. குழு போகலை." முன்வரிசை கைதட்டியது.

அடுத்து வளையம். கையில் திருத்தப்பட்ட தாள் இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இந்தப் புரதம் ஒற்றுமைக்கு அடையாளம்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள். "இது பிரிக்கிற புரதம். இதோட குடும்பமே பிரிக்கிற குடும்பம். சிக்கு விழுந்ததை உருவும், மாட்டினதைக் கழட்டும், நீண்டதை வெட்டும். அதுக்காகத்தான் செல்லு அதுக்கு எரிபொருள் குடுக்குது. சேக்கறதுக்கு ஆகற மாதிரியே பிரிக்கறதுக்கும் சக்தி ஆகும், தானாக் கலையும்னு விட்டா கலையாது. நம்ம முன்வரிசையைப் பாத்தாலே தெரியும்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். இயக்குநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒலியைக் குறைக்கும்படி விரலைத் திருகிக் காட்டினார். அண்ணன் வானத்தைப் பார்த்தார். இயக்குநர் கழுத்தை வெட்டுவதுபோலக் கையை அசைத்தார். அண்ணன் மேகத்தை ஆராய்ந்தார். விழாச் செயலர் குனிந்தபடியே ஓடி வந்தார்.

"மைக்கை அணைங்க."

"பட்டன் மாட்டிக்கிச்சு, சார். இனிமே ஜெனரேட்டரைத்தான் நிறுத்தணும்."

"நிறுத்துங்க."

"சுவிட்சு என் முதுகுக்குப் பின்னால இருக்கு. நான் எழுந்திருக்கணும்."

"எழுந்திருங்க, அப்ப."

"எழுந்திருக்கறேன். எனக்குக் கால் விறைப்பு, சார். மூளை உத்தரவு போடும், அது முதுகுக்குப் போகும், முதுகுல இருந்து இடுப்புக்கு, அங்க இருந்து முட்டிக்கு. நடுவுல எங்கயாவது தேங்கி நிக்கும். கீழ வந்து சேந்ததும் எழுந்திருச்சிடுவேன்."

செயலருக்கு இது நன்றாகப் புரிகிற நடைமுறை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

வளையம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். ஜெனரேட்டர் நின்றால் ஜன்னலுக்குள் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் குரலை இன்னும் உயர்த்தினாள்.

"இந்த வளையத்துல ஓட்டைதான் உசிரு. அதை அடைச்சு முகம் வச்சிருக்கோம். ஓட்டை அடைச்ச வளையம் எதையும் பிரிக்காது, சும்மா உக்காந்திருக்கும். என் அண்ணன் உடம்புல இந்தக் குடும்பத்துல ஒருத்தர் சரியா வேலை செய்யலை. அதனால அவர் நடக்க முடியாம உக்காந்திருக்கார். அதோ இருக்கார் பாருங்க. அந்த நோய்க்கு மருந்து பாக்கற செல்லுங்க அந்த ஜன்னலுக்குள்ள இருக்கு. அதோட கரண்டைத்தான் இந்தத் திரைக்காக எடுத்தீங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பி அண்ணனைப் பார்த்தது. அண்ணன் பணிவாகக் கையை உயர்த்தினார். அப்புறம், செயலருக்காக, எழுந்திருக்க ஒரு முயற்சி செய்து உட்கார்ந்தார்.

வளையம் முன்வரிசைக்குத் திரும்பினாள். "ஐயா," என்றாள் திரைத்தலைவரைப் பார்த்து. "திரையைத் திறந்தாச்சு. உங்க வேலை முடிஞ்சுது. ரொம்ப நன்றி. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

திரைத்தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான், ஐயா."

"இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியேம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, மெதுவாக ஓரமாக நடந்து, மின் பணியாளரிடம் நின்றார். "தம்பி, திரை வேலை முடிஞ்சுது. அந்த லைனை எடுத்த எடத்துலயே குடுத்துடு." மின் பணியாளர் இயக்குநரைப் பார்த்தார், திரைத்தலைவரைப் பார்த்தார். லைன் கேட்டது திரைக் குழு. திருப்பிக் கொடுப்பதும் திரைக் குழு. அவருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளே போனார்.

கலைப்புக் குழுத் தலைவரும் எழுந்து நின்றார். "திரைக் குழு கலைஞ்சதை உறுதி செய்யறேன்," என்றார், தன் குரலைத் தானே நம்பாதவராக. "ஒண்ணு முடிச்சாச்சு. நாங்களும் போலாமாம்மா?"

"போங்க, ஐயா. வீட்டுல தேடுவாங்க."

அதன் பிறகு யாரும் அனுமதி கேட்கவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. விளக்குக் குழு போயிற்று, இடமாற்றக் குழு இடம் மாறிற்று, உயிர்க் குழு உயிரோடு வெளியேறிற்று. கையைக் கட்டி நின்ற செயலரும், தான் எந்தக் குழுவுக்குச் செயலர் என்று யோசித்து, மெல்ல நழுவினார். இயக்குநர் ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

"இதை விடப் போறதில்லை. இப்பவே விசாரணைக்கு ஒரு குழு போடறேன். தலைவரா..." என்று முன்வரிசையைப் பார்த்தார். அங்கே நாற்காலிகள் இருந்தன.

செல் அறை ஜன்னலுக்குள் சுவர் பிளக்கில் பச்சை விளக்கு எரிந்தது. வளையம் உள்ளே ஓடிப் பெட்டியின் ஒயரை அதில் மாற்றிச் செருகினாள், சூடு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள், இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் அப்படியே இருந்தன. ஒரு நிமிடம் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வெளியே வந்தபோது அண்ணன் எழுந்து நின்றிருந்தார், இரண்டு கையையும் ஜெனரேட்டரில் ஊன்றி, வேர்த்து விறுவிறுத்து.

"சார், உத்தரவு கீழ வந்து சேந்துருச்சு," என்றார் இயக்குநரைப் பார்த்து. "இப்ப நிறுத்திடவா?"

இயக்குநர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். அண்ணன் சுவிட்சைத் தட்டினார். முற்றம் அமைதியாயிற்று.

வளையம் சிற்பத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பித்தளை முகத்தை ஓரங்களில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"அண்ணா, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"பெட்டியில இருக்கு, எடுத்துக்கோ. எத்தனை ஆணி?"

"ஆறு."

"நிதானமாக் கழட்டு. ஆணியைத் தொலைச்சிடாத, நல்ல ஆணி, வேற எதுக்காவது ஆகும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.